அல்புமின் நானோ துகள் செய்வது எப்படி: வெற்றுத் துகளில் தொடங்கி மருந்தேற்றம் வரை

ஒரு பாட்டில் அல்புமின், எத்தனால், மேக்னடிக் ஸ்டிர்ரர், கொஞ்சம் குளுடரால்டிஹைடு. புரத நானோ துகள் செய்ய இவ்வளவு போதும். இன்று மதியம் ஆரம்பித்தால் நாளை மாலைக்குள் துகள் கையில் இருக்கும். அடுத்த வாரம் அதே துகளை அதே அளவில் இன்னொரு முறை செய்து காட்டுங்கள் என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்கும். இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அந்தச் சிக்கலைப் பற்றியது.

இது ஆய்வுக்கூடத்துக்கான முறை. குளுடரால்டிஹைடு கண்ணையும் மூச்சுக்குழாயையும் பதம் பார்க்கும். ஃப்யூம் ஹுட், நைட்ரைல் கையுறை, கண்ணாடி இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். இங்கே செய்யும் துகள் செல்களுக்கும் சோதனைக் குழாய்க்கும்தான், மனிதர்களுக்கு இல்லை.

ஏன் அல்புமின்?

ஜெலட்டின், மக்காச்சோளத்தின் ஸீன், பாலின் கேசின், பட்டின் ஃபைப்ராயின் என்று மருந்து சுமக்கப் பல புரதங்களை முயன்றிருக்கிறார்கள். கற்றுக்கொள்வதற்கு அல்புமின்தான் தோது. தண்ணீரில் நன்றாகக் கரையும். விலையும் கட்டுப்படியாகும். நம் இரத்தத்திலேயே லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை ஓடுகிறது. கொழுப்பு அமிலம், பிலிருபின், வார்ஃபரின், இபுப்ரோஃபென் என்று கண்டதையும் தூக்கிக்கொண்டு திரிவதே அதற்குப் பிழைப்பு. மனித உடலில் அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 19 நாள்.

சந்தைக்கு வந்த உதாரணமும் உண்டு. பேக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து தண்ணீரில் கரையாது. அதைக் கரைக்கப் பயன்பட்ட கிரெமோஃபோர் என்ற எண்ணெய்ச் சேர்மமே பலருக்குக் கடும் ஒவ்வாமை உண்டாக்கியது. முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுத்துவிட்டுத்தான் மருந்தை ஏற்ற வேண்டியிருந்தது. மனித அல்புமினில் பேக்லிடாக்சலைக் கட்டி, சுமார் 130 நானோமீட்டர் துகளாக்கி வந்ததுதான் அப்ராக்சேன். 2005 ஜனவரியில் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. மார்பகப் புற்றுநோய்க்கு அதை அனுமதித்தது. கிரெமோஃபோர் போனது, ஏற்றும் நேரம் 3 மணியிலிருந்து அரை மணியாகக் குறைந்தது.

அப்ராக்சேன் உயர் அழுத்தத்தில் கடைந்து எடுப்பது. அந்த இயந்திரம் எல்லா ஆய்வுக்கூடத்திலும் இருக்காது. நாம் செய்யப்போவது டிசால்வேஷன் என்ற வேறு வழி. அல்புமினைச் சுற்றியிருக்கும் தண்ணீரை எத்தனால் பிடுங்கிக்கொள்ளும். தண்ணீர் இழந்த புரதங்கள் ஒன்றையொன்று பற்றி உருண்டையாகும். குளுடரால்டிஹைடு, புரதத்தில் அமீன் தாங்கிய அமினோ அமிலங்களான லைசின்களுக்கிடையே தையல் போட்டு அந்த உருண்டையை நிலைநிறுத்தும். 2003 வாக்கில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகக் குழு மனித அல்புமினுக்கு இதை ஒழுங்குபடுத்தியது. கீழே வரும் அளவுகளுக்கு அதுதான் அடிப்படை. அதையே மாட்டு அல்புமினாகிய பி.எஸ்.ஏ.வுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: அல்புமின் கரைசல்

ஒரு தொகுதிக்குத் தேவை 2 மி.லி. தண்ணீரில் 100 மி.கி. பி.எஸ்.ஏ. அதை மட்டும் தனியாகக் கரைக்காதீர்கள். 2 மி.லி.யில் பி.எச். எலக்ட்ரோடு முங்கவே முங்காது. 10 மி.லி. தண்ணீரில் 500 மி.கி. கரைத்து, பி.எச். சரிசெய்து, பிறகு ஐந்தாகப் பிரியுங்கள். ஐந்து குப்பியிலும் ஒரே பி.எச். இருக்கும்.

கரைக்கும்போது அவசரம் வேண்டாம். பொடியைத் தண்ணீரின் மேல் தூவி அப்படியே விட்டுவிட்டால் அரை மணியில் தானாக நனைந்து இறங்கும். வேகமாகக் கலக்கினால் பீர் போல நுரைக்கும். நுரையின் பரப்பில் புரதம் உருக்குலையும். கரைந்ததும் 0.22 மைக்ரோமீட்டர் ஃபில்டரில் வடிகட்டுங்கள். தூசியும் கரையாத கட்டிகளும் போய்விடும். இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்த்தவர்கள் பிறகு அளவுக் கருவியின் முன் உட்கார்ந்து மணிக்கணக்கில் அழுவார்கள்.

அடுத்தது பி.எச். எல்லாவற்றிலும் முக்கியமான எண் இதுதான். பி.எஸ்.ஏ.வின் மின்சமநிலைப் புள்ளி சுமார் 4.7. அந்த இடத்தில் மூலக்கூறின் மொத்த மின்சுமை பூஜ்யம். அதிலிருந்து மேலே போகப் போக எதிர்மின்சுமை கூடும், மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளும், உருண்டைகள் சிறிதாகவே நின்றுவிடும். 7-க்குப் பக்கத்தில் செய்தால் 200 நானோமீட்டரைத் தாண்டும், தொகுதிக்குத் தொகுதி ஆடும். 8-க்கு மேல் போனால் 150-லிருந்து 200-க்குள் அடங்கும். நான் 8.2 வைப்பேன். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சில மைக்ரோலிட்டராக விட்டு, ஒவ்வொரு முறையும் எண் நிலைக்கும்வரை காத்திருங்கள்.

பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் பஃபர் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். உப்பு கூடினால் மின்சுமையின் தள்ளல் மழுங்கித் துகள் பெருக்கும். வெறும் தண்ணீர் அல்லது 10 மில்லிமோலார் சோடியம் குளோரைடு போதும். டிரிஸ் பஃபரை மட்டும் கிட்டவே சேர்க்காதீர்கள். ஆரம்பத்தில் நான் 50 மில்லிமோலார் டிரிஸில் அல்புமினைக் கரைத்தேன், பி.எச். ஆடாமல் இருக்கட்டும் என்று. அழகாகப் பால் போலத் திரண்டது. மறுநாள் தண்ணீரில் கழுவியதும் எல்லாம் கரைந்து தெளிந்த நீரானது. டிரிஸும் ஒரு அமீன், லைசினைப் போலவே குளுடரால்டிஹைடைப் பிடித்துக்கொள்ளும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. 2 மி.லி.யில் 100 மைக்ரோமோல் டிரிஸ். நான் விட்ட குளுடரால்டிஹைடு 94 மைக்ரோமோல். புரதத்துக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

படி 2: எத்தனால் சொட்டு

குப்பியில் 2 மி.லி. கரைசல், அதற்கேற்ற சின்ன மேக்னெட், 500 ஆர்.பி.எம்., அறை வெப்பநிலை. இதில் 8 மி.லி. எத்தனாலை நிமிடத்துக்கு 1 மி.லி. வீதம் விட வேண்டும். சிரிஞ்சு பம்ப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பிப்பெட்டில் 200 மைக்ரோலிட்டராக, 12 விநாடிக்கு ஒரு முறை. 8 நிமிடத்தில் முடிந்துவிடும். போனில் மெட்ரோனோம் வைத்துக்கொண்டு செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கேலியாகத் தோன்றும், ஆனால் அவர்கள் தொகுதிகள்தான் ஒன்றுபோல வந்தன.

முதலில் ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். ஒவ்வொரு சொட்டும் விழும் இடத்தில் மட்டும் ஒரு வெண்புகை எழுந்து கரையும். பிறகு அந்தப் புகை கரையாமல் தங்கத் தொடங்கும். கரைசல் முதலில் லேசான நீலச் சாயலுடன் மங்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரங்களில் ஆரஞ்சு தெரியும். கடைசி 2, 3 மி.லி.யில் அரிசி களைந்த தண்ணீரின் நிறத்துக்கு வந்து நிற்கும். அந்த நீலச் சாயல் நல்ல சகுனம்: துகள் சிறியதாக இருக்கிறது. நேராகச் சுண்ணாம்பு வெள்ளைக்குப் போய், குப்பியின் சுவரில் இழை இழையாக ஒட்டினால், பி.எச். தாழ்ந்திருக்கிறது அல்லது எத்தனால் வேகமாக விழுந்திருக்கிறது. அதைக் காப்பாற்ற முயலாதீர்கள், கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

எத்தனாலின் தரமும் பேசும். பாட்டில் திறந்து பல மாதம் ஆனது ஈரத்தை இழுத்திருக்கும். ஒரு ஆய்வுத் தொடர் முழுவதற்கும் ஒரே பாட்டிலை ஒதுக்கி வையுங்கள்.

இந்தக் கட்டத்தில் ஒரு சின்னச் சோதனை. பால் நிறக் கலவையில் 50 மைக்ரோலிட்டரை எடுத்து 1 மி.லி. தண்ணீரில் விடுங்கள். கண்முன்னே தெளிந்துவிடும். இன்னும் தையல் போடவில்லை அல்லவா? எத்தனால் நீர்த்ததும் அல்புமின் பழையபடி கரைந்துவிடுகிறது. இதே சோதனையை நாளை மறுபடி செய்வோம்.

படி 3: தையல்

100 மி.கி. பி.எஸ்.ஏ.வுக்கு 8 சதவீதக் குளுடரால்டிஹைடு 117.5 மைக்ரோலிட்டர், அதாவது மி.கி.க்கு 1.175 மைக்ரோலிட்டர். இந்த விநோத எண் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பி.எஸ்.ஏ.வின் மூலக்கூறு எடை சுமார் 66,400. 100 மி.கி. என்றால் 1.5 மைக்ரோமோல். ஒரு மூலக்கூறில் ஏறக்குறைய 60 லைசின். ஆக 90 மைக்ரோமோல் அமீன். 8 சதவீதக் கரைசல் 117.5 மைக்ரோலிட்டரில் 9.4 மி.கி. குளுடரால்டிஹைடு, அதாவது 94 மைக்ரோமோல். ஒரு அமீனுக்கு ஒரு குளுடரால்டிஹைடு. இதைத்தான் 100 சதவீதத் தையல் என்கிறார்கள். உங்கள் புரதம் வேறு என்றால் எண்ணைக் காப்பியடிக்காமல் அதன் லைசின்களை எண்ணி இதே கணக்கைப் போடுங்கள்.

கடையில் கிடைப்பது 25 சதவீதம். 3.2 மி.லி.யை 10 மி.லி.யாக நீர்த்தால் 8 சதவீதம். பழைய பாட்டிலில் குளுடரால்டிஹைடு தனக்குத்தானே கோத்துக்கொண்டு பாலிமர் ஆகியிருக்கும். லேபிளில் உள்ள சதவீதம் அப்போது வெறும் லேபிள்தான். சிறு ஆம்பூல்களாக வாங்குங்கள்.

சேர்த்தபின் குப்பியை பாராஃபிலிமால் இறுக மூடி, 24 மணி நேரம் அதே வேகத்தில் கலக்க விடுங்கள். மூடாமல் விட்டால் ராத்திரியில் எத்தனால் ஆவியாகி விகிதமே மாறிவிடும். 24 மணி கழித்து வந்து பார்த்தால் வெள்ளை மெல்லிய மஞ்சளாகியிருக்கும். அமீனும் ஆல்டிஹைடும் சேர்ந்த நிறம் அது. இப்போது நேற்றைய சோதனை: 50 மைக்ரோலிட்டர், 1 மி.லி. தண்ணீர். மங்கல் போகாமல் நின்றால் தையல் பிடித்துவிட்டது.

குளுடரால்டிஹைடு பிடிக்கவில்லை என்றால் வேறு வழிகள் உண்டு. வெப்பத்தால் இறுக்கலாம், 70 டிகிரியில் 2 மணி நேரம் வைப்பது பழக்கமான முறை, வெப்பம் தாங்கும் மருந்துக்கு மட்டும். ஜெனிபின் என்ற இன்னொரு தையல் பொருள் நச்சுத்தன்மை குறைந்தது, ஆனால் விலை கூட, நிறமும் நீலமாகிவிடும். நிறத்தை அளந்து மருந்தைக் கணக்கிடுபவர்களுக்குத் தலைவலி.

படி 4: கழுவுதல்

சென்ட்ரிஃபியூஜில் 16,100 ஜி, 8 நிமிடம். மேல் நீரைக் கொட்டாமல் தனியே சேமியுங்கள், பின்னால் வேண்டும். அடியில் படிந்ததில் தண்ணீர் விட்டு அல்ட்ராசோனிக் குளியலில் 5 நிமிடம். இப்படி மூன்று முறை.

ஆர்.பி.எம். வேறு, ஜி வேறு: முன்னது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது, பின்னது துகள் மேல் விழும் விசை புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு என்பது. 12,000 ஆர்.பி.எம். என்று நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் பக்கத்து ஆய்வுக்கூடத்து இயந்திரத்தில் போய்ச் செய்தால் அது வேறு சோதனை. ரோட்டாரின் ஆரம் 10 செ.மீ. என்றால் அந்த வேகத்தில் 16,100 ஜி, 6 செ.மீ. என்றால் 9,700 ஜிக்கும் குறைவு. சிறிய துகள்கள் மேல் நீரிலேயே தங்கிப் போகும், மேல் நீரோடு அவற்றையும் பிரித்துவிடுவீர்கள், மிஞ்சிய பெரியவற்றை அளந்துவிட்டு அளவு கூடிவிட்டதே என்று யோசிப்பீர்கள். அதற்காக நெடுநேரம் சுழற்றினால் படிவு ரப்பர் போல இறுகி, அல்ட்ராசோனிக்குக்கும் மசியாது.

படி 5: அளவு பார்த்தல்

ஒளிச்சிதறலை வைத்துத் துகள் அளவு சொல்லும் டைனமிக் லைட் ஸ்கேட்டரிங் கருவியில் கலவையை நன்றாக நீர்த்து வைத்தால் சராசரி விட்டமும், அளவுகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று காட்டும் பாலிடிஸ்பர்சிட்டி எண்ணும் கிடைக்கும். அந்த எண் 0.2-க்குக் கீழே இருந்தால் ஒழுங்கான தொகுதி, 0.1 கிடைத்தால் கொண்டாடுங்கள். 0.4 வந்தால் சராசரி விட்டத்துக்குப் பொருளே இல்லை.

இந்தக் கருவி பெரியவர்களின் பேச்சை மட்டும் கேட்கும் ஊர்ப் பஞ்சாயத்து. சிறு துகள்களில் ஒளிச்சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுகிறது. 20 நானோமீட்டர் துகள் ஒன்றைப் போல 100 நானோமீட்டர் துகள் 15,625 மடங்கு சிதறடிக்கும். அதனால் நாலு கட்டி இருந்தாலும் மற்றவை மறைந்துவிடும். ஒரு முறையாவது எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். அதில் உலர்ந்த துகள் தெரிவதால் விட்டம் சற்றுக் குறைவாகவே வரும், பயப்பட வேண்டாம்.

துகள் பரப்பின் மின்சுமையைக் காட்டும் ஸீட்டா பொட்டென்ஷியல் எதிர்மறையில், மைனஸ் 20 மில்லிவோல்ட்டைத் தாண்டி இருந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தாக்குப்பிடிக்கும். விளைச்சலுக்கு எடை போடுவதுதான் நம்பகம்: முன்பே எடை பார்த்த அலுமினியக் கிண்ணத்தில் தெரிந்த கன அளவை ஊற்றி, 80 டிகிரியில் உலர்த்தி, மறுபடி எடை.

வெற்றுத் துகளை மூன்று முறை தொடர்ச்சியாகச் செய்து, மூன்றும் 10 நானோமீட்டர் வித்தியாசத்துக்குள் வரும்வரை மருந்துப் பாட்டிலைத் தொடாதீர்கள்.

படி 6: மருந்தை ஏற்றுதல்

இரண்டு வழி. அல்புமின் கரைசலிலேயே மருந்தைக் கலந்து, இரண்டு மணி நேரம் பிணைய விட்டு, பிறகு எத்தனால் விடலாம். மருந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். அல்லது செய்து கழுவிய துகளை மருந்துக் கரைசலில் ஊறவைக்கலாம். மருந்து மேலே ஒட்டும், சீக்கிரமே உதிரவும் செய்யும். எது என்பதை மருந்தின் வேதியியல்தான் சொல்ல வேண்டும்.

டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பாக இருக்கும், ஒளிரும், அளப்பது சுலபம் என்று எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அதன் சர்க்கரைப் பகுதியில் ஒரு அமீன் இருக்கிறது. முதல் வழியில் போனால் குளுடரால்டிஹைடு அதையும் புரதத்தோடு சேர்த்துத் தைத்துவிடக்கூடும். அப்படித் தைத்த மருந்து வெளியேவே வராது. மருந்து மெதுவாக வெளிவருகிறது என்று சந்தோஷமாக எழுதிவிடுவோம். புரதத்தைச் செரிக்கும் நொதியைச் சேர்த்து எவ்வளவு மருந்து மாறாமல் மீள்கிறது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். அது செல்கொல்லி மருந்து என்பதால் கையாளும் விதிகளும் வேறு.

மஞ்சளின் குர்குமின் இன்னொரு வகைத் தொல்லை. எத்தனாலில் கரையும், தண்ணீரில் கரையாது. 80 சதவீத எத்தனால் இருக்கும்போது கணிசமான குர்குமின் துகளுக்குள் போகாமல் வெளியே கரைந்தே கிடக்கும். அது முழுதும் நீங்குமுன் தண்ணீர் பட்டால் நுண்படிகமாக இறங்கித் துகளோடு சேர்ந்தே அடியில் படியும். மேல் நீரை அளந்தால் மஞ்சளே இல்லை. 95 சதவீதம் ஏறிவிட்டது என்று தோன்றும். அதில் எவ்வளவு படிகம், எவ்வளவு துகளில்? முதலில் 500 ஜி-யில் சில நிமிடம் சுழற்றிப் பாருங்கள். ஆரஞ்சுப் பொடி அடியில் தங்கினால் விடை கிடைத்துவிட்டது. போதாக்குறைக்கு, நாம் வைத்த 8.2 பி.எச்.-இல் குர்குமின் நிலைக்காது. அல்புமின் பிணைத்த பகுதி மட்டும் ஓரளவு தப்பும்.

கணக்கையும் நேர்மையாகப் போடுங்கள். 100 மி.கி. அல்புமினில் 2 மி.கி. மருந்து விட்டீர்கள், எல்லாக் கழுவு நீரிலும் சேர்த்து 0.4 மி.கி. கிடைத்தது. ஏற்றத் திறன் 80 சதவீதம், கேட்க நன்றாக இருக்கிறது. துகள் விளைச்சல் 80 மி.கி. என்றால் துகளின் எடையில் மருந்து வெறும் 2 சதவீதம். 1 மி.கி. மருந்து கொண்டுசேர்க்க 50 மி.கி. துகள் வேண்டும். இரண்டு எண்ணையும் எழுதுங்கள். முடிந்தால் கழித்துக் கணக்கிடுவதோடு நிற்காமல், துகளை நொதியால் உடைத்து உள்ளே இருப்பதையும் நேரடியாக அளந்து ஒப்பிடுங்கள்.

படி 7: மருந்து வெளிவருவதைப் பார்த்தல்

டயாலிசிஸ் பையில் துகளை இட்டு, 37 டிகிரியில், 7.4 பி.எச். பாஸ்பேட் பஃபரில் தொங்கவிடுவது வழக்கம். நீரில் கரையாத மருந்தானால் வெளிநீரில் மருந்தைக் கரைத்து வைக்கும் சோப்பு போன்ற ட்வீன் 80-ஐ 0.5 சதவீதம் சேருங்கள். இல்லையென்றால் வெளியே வர மருந்துக்கு இடமிருக்காது. கூடவே, துகளில்லாத தனி மருந்தையும் இன்னொரு பையில் தொங்கவிடுங்கள். பையின் சவ்வைக் கடக்கவே மருந்துக்குப் பல மணி நேரம் ஆகலாம். அந்தக் கோடு இல்லாமல் துகளின் கோட்டை மட்டும் காட்டினால், நீங்கள் அளந்தது துகளையா பையையா என்று யாரும் கேட்கலாம்.

சேமிப்பும் செல் சோதனையும்

4 டிகிரியில் சில வாரம் தாங்கும். அதற்கு மேல் வைக்க உறையவைத்து உலர்த்த வேண்டும். 3 சதவீதம் டிரெஹலோஸ் அல்லது சுக்ரோஸ் சேர்க்காமல் உலர்த்தினால் மறுபடி தண்ணீரில் கலக்கும்போது கட்டி கட்டியாக நிற்கும். பாக்டீரியா வளராமலிருக்க சோடியம் அசைடு சேர்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்தக் குப்பியைத் தப்பித்தவறிக்கூட செல்களுக்குக் கொடுக்காதீர்கள், அசைடே கொன்றுவிடும்.

செல்லில் சோதிக்கும்போது வெற்றுத் துகள் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும், அதே தையலோடு, அதே கழுவலோடு. கழுவலில் தப்பிய குளுடரால்டிஹைடும் செல்லைக் கொல்லும். கடைசிக் கழுவலுக்கு முன் கிளைசின் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்தால் எஞ்சிய ஆல்டிஹைடு அதைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண பி.எஸ்.ஏ.வில் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு இருக்கும். நோய் எதிர்ப்புச் செல்களில் வேலை செய்பவர்கள் எண்டோடாக்சின் குறைத்த வகையை வாங்கி, துகள் செய்து முடித்த பிறகும் அந்த நச்சைக் கண்டறியும் எல்.ஏ.எல். சோதனை செய்ய வேண்டும். முடிந்த துகளை 0.22 ஃபில்டரில் வடிகட்டிக் கிருமி நீக்கலாம் என்று நினைக்காதீர்கள். 180 நானோமீட்டர் துகளில் பாதிக்கு மேல் ஃபில்டரிலேயே நின்றுவிடலாம். ஆட்டோகிளேவ் வைத்தால் புரதம் என்னவாகும் என்று முட்டை அவித்தவர்களுக்குத் தெரியும். கரைசல்களை எல்லாம் முதலிலேயே வடிகட்டி, லேமினார் ஹுட்டுக்குள்ளேயே ஆரம்பம் முதல் செய்வது ஒன்றுதான் வழி.